நில்லு என்று சொல்லாதவள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, கள ஆய்வில் பிழையில்லாமல் தகவல் சேகரிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசச் சொல்லி நம் மனநல ஆய்வு மையத்திலிருந்து கேட்டார்கள். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பேசினால் நடுவில் நீங்கள் போனை எடுத்துப் பார்ப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். என் வாயைப் பற்றிக் காஞ்சிபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எழுத்தென்றால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி.

பிழையில்லாமல் எழுதிவருவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதில் பாதியை நான்தான் எழுதினேன். அதில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும்போது ஒரு தப்புச் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த தப்புகளை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கடைசியில் செய்ததைச் சொல்ல வாய் வராது. எனக்கும் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் செல்வி என்று ஒரு பெண் வருகிறாள். அது அவளுடைய பெயர் இல்லை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர்களும் மாற்றியவைதான்.

கொரோனா ஓய்ந்த பிறகு எங்களுக்கு வந்த ஆய்வு அது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு கிட்டத்தில் வர விடுகிறார்கள், அந்தத் தூரத்துக்கும் அவர்களுடைய மனநிலைக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் கேள்வி. முறை ரொம்ப எளிது. ஒருவரை ஓரிடத்தில் நிற்க வைப்போம். எங்களில் ஒருவர் பதினைந்தடி தள்ளியிருந்து மெதுவாக அவரை நோக்கி நடப்போம். 'இதற்கு மேல் கிட்டே வந்தால் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்' என்று அவருக்குத் தோன்றும் இடத்தில் 'நில்லு' என்று சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் நின்று, இரண்டு பேர் கால்விரல்களுக்கும் நடுவே டேப் பிடித்து அளப்போம். அதற்குப் பிறகு தூக்கம், பசி, துக்கம், பயம் என்று ஒரு கேள்வித்தாள். பெண்களிடம் பெண்கள்தான் நடப்போம். யாரையாவது பார்த்து எங்களுக்குச் சந்தேகம் தட்டினால், வியாழக்கிழமைதோறும் மையத்துக்கு வரும் மனநல மருத்துவரின் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது என் வேலை.

என்னோடு இருந்தவள் பவித்ரா. கோபிச்செட்டிபாளையத்துப் பெண், உங்களைப் போலப் புதியவள். தறியைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் அவளைத் தனியாக ஒரு நெசவுத் தெருவுக்கு அனுப்பினேன். எட்டரை மணிக்கே வெளிறிப்போய்த் திரும்பி வந்தாள்.

"மேடம், அந்தத் தெருவுல எல்லாருக்குமே என்னமோ இருக்குதுங்க. பத்தடியிலயே நில்லுங்கறாங்க. ஒரு அம்மா கத்தியே போட்டாங்க."

தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது பேர். ஒன்பது பேரும் எட்டடி, பத்தடியிலேயே அவளை நிறுத்தியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலை, பாவு என்போம், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரி பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. துப்பட்டாவைப் பறக்கவிட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு ஒருத்தி நேரே வந்தால் யாருடைய வாயும் தானாக 'நில்லு' என்றுதான் சொல்லும். ஒரு நுனி பட்டால் போதும், பத்து இழை போய்விடும். அவர்கள் தங்களை அல்ல, பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி அவளை அழைத்துக்கொண்டு போனேன். கத்திய அம்மா இவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "மதியானமா வாம்மா, பாவு சுருட்டிட்டு இருப்போம். அப்ப வந்தீன்னா கட்டிப்புடிச்சிக்கினே பேசலாம்" என்றாள். அந்த ஒன்பது தாள்களையும் தள்ளிவைத்துவிட்டு, அதற்குப் பிறகு எல்லாப் பரிசோதனையையும் மண்டபங்களுக்குள் வைத்துக்கொண்டோம். தூரமெல்லாம் ஒழுங்காக இரண்டடி, இரண்டரை அடிக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சென்னையில் நடந்த கூட்டத்தில் சொன்னேன். பேராசிரியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆய்வில் இருக்க வேண்டியது எவ்வளவு முக்கியம் என்று பெரிய ஆள் ஒருவர் என்னைக் காட்டிப் பேசினார். நான் தறி வீட்டில் பிறந்தவள். என் அப்பாவும் அம்மாவும் நெய்தார்கள், படிக்கும் காலத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தச் சர்டிபிகேட்டிலும் இல்லாத அந்த விஷயத்துக்கு அன்றுதான் முதல் முறையாகக் கைதட்டல் விழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

ஆவணி மாதம் ஐயம்பேட்டையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் ஆய்வு நடந்தது. செல்வி அங்கேதான் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு பெண் குழந்தை. கணவன் நெசவை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் இருந்த தறியில் செல்வியும் அவளுடைய நாத்தனார் கோமளாவும் சேர்ந்து நெய்தார்கள். கோமளாவும் கூடவே வந்திருந்தாள். செல்வியைவிடப் பத்து வயது பெரியவள், தனியாள், நல்ல வாயாடி. வந்ததும் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்து, மண்டபத்து வாடகையிலிருந்து என் புடவை விலை வரைக்கும் விசாரித்துவிட்டாள்.

செல்வியை நோக்கி நான்தான் நடந்தேன். பத்தடி. ஐந்தடி. இரண்டடி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் நடந்தேன். என் கால்விரல் அவள் கால்விரலில் இடித்தது. அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. கண்கள் என் தோளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பின்வாங்கியது நான்தான்.

"நில்லுன்னு சொல்லணும்மா. மறந்துட்டியா?"

"இல்ல மேடம். பரவால்ல."

விதிப்படி மூன்று முறை நடக்க வேண்டும். மூன்று முறையும் விரலில் போய் இடித்தேன், மூன்று முறையும் பரவாயில்லை என்றாள். பவித்ரா டேப்பை வைத்துக்கொண்டு எதை அளப்பதென்று தெரியாமல் நின்றாள். பூஜ்யம் என்று எழுதச் சொன்னேன். பிறகு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கேள்வித்தாளை நான் வாசித்தேன். தூக்கம் வருவதில்லையா? இல்லை. பசி இல்லாமல் இருக்கிறதா? இல்லை. வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றியதா? இல்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, மரியாதையாக இல்லை, இல்லை என்றாள். ஆறு நிமிடத்தில் முடிந்தது.

அன்று மாலை தாள்களை அடுக்கும்போது பவித்ரா அந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

"இவங்கள டாக்டர் லிஸ்ட்ல போட்டுக்கலாங்களா மேடம்?"

"எதுக்கு?"

"பூஜ்யம் வந்திருக்குதுங்களே."

"பயந்தவங்க தள்ளி நிறுத்துவாங்க. இவ கிட்டயே வரவிட்டாளே. இவளுக்கு என்ன பயம்?"

"அதானுங்க எனக்கும் புரியல. ஆனா என்னமோ சரியில்லைங்க."

அப்போதுதான் நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் இரண்டையும் கோத்து நெய்ய வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். அதை ஒருவராக நெய்ய முடியாது. நெய்கிறவர் நடுவில் இருக்க, இன்னொருவர் கரையோரம் உட்கார்ந்து குறுக்கு நூலை ஓட்டும் அந்தப் பக்கத்து நாடாவைப் போட வேண்டும். ஒரே பலகையில் இரண்டு பேர், தோளோடு தோள், காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும். செல்வி கரையோரம் உட்காருகிறவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஆள் கிட்டே வருவது ஒரு விஷயமா? உனக்கும் எனக்கும்தான் இரண்டடி வேண்டும், அவளுக்கு எதற்கு?

"மத்த கோர்வைக்காரங்க எல்லாம் ஒன்றரை அடியில நிறுத்துனாங்களே மேடம்" என்றாள் பவித்ரா.

"நான் தறி வீட்டுல பொறந்தவ. நீ வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் தாளின் ஓரத்தில் 'தொழில் பழக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை. ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் துணிப்பை சிலருக்குக் கிடைக்காமல் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனேன். முதலில் போன வீட்டில் மாமியாரும் மருமகளும் கோர்வைத் தறியில் இருந்தார்கள். முடிகிற தறுவாயில் இருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்று எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்கள். வேலை இல்லாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முட்டி இடிக்குது, தள்ளுங்க அத்தே."

"நீ ஏண்டி இவ்ளோ எடத்த அடைச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்க?"

"கைய எடுங்க."

"நீ தள்ளு மொதல்ல."

சண்டை இல்லை. குரலில் காரமே இல்லை. கை நாடாவைப் போட்டுக்கொண்டேயிருந்தது, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தது. எனக்கு எண்ணும் வியாதி உண்டு, கள ஆய்வு செய்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும். எண்ணினேன். அந்தத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் பதினோரு தடவை ஒருத்தியை ஒருத்தி நகரச் சொல்லியிருந்தார்கள்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா ஒக்கார முடியுமா? ஒரு நாளைக்கு நூறு தபா சொல்லுவோம்" என்றாள் மருமகள்.

"நூறா? இவ எரநூறு சொல்லுவா" என்றாள் மாமியார்.

என் அம்மாவும் அப்பாவும் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சத்தம், அதனால்தான் காதில் விழாமல் போய்விட்டது. ஒட்டி உட்காருகிறவர்களுக்குத் தூரம் தேவையில்லை என்று பவித்ராவுக்குப் பாடம் எடுத்தேனே, நேர்மாறு. உலகத்திலேயே அதிகமாக 'தள்ளு' என்று சொல்கிறவர்கள் அவர்கள்தான். ஒரு விரற்கடை இடத்துக்காக நாள் முழுக்கப் பேசுகிறவர்கள். அப்படியென்றால், அந்தப் பலகையில் உட்காருகிற ஒருத்தி, என் கால் அவள் காலில் இடித்தபோது ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

முதலில் எனக்கு வந்தது பயமில்லை. வெறும் ஆவல்தான். இது என்னடா இது என்கிற ஆவல். ஆனால் அடுத்த தெருவை எட்டுவதற்குள் என் நடை ஓட்டமாகிவிட்டது.

செல்வியும் கோமளாவும் தறியில் இருந்தார்கள். மறந்துபோன பையைக் கொடுக்க வந்தேன் என்றேன். கோமளா நெய்துகொண்டே பேசினாள், கூட்டுறவுச் சங்கம், தம்பியின் கம்பெனி பஸ், பெருமாள் கோயில் கூட்டம். நான் செல்வியைப் பார்த்தேன். கோமளாவின் வலது முழங்கை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் செல்வியின் இடது புஜத்தில் இடித்தது. செல்வி நகரவில்லை, சொல்லவும் இல்லை. ஜாக்கெட் கைக்குக் கீழே, இடிபடும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கன்றிப்போய்க் கருநீலமாக இருந்தது.

செல்வி தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது கோமளாவிடம் கேட்டேன். "உன் முழங்கை இடிச்சா அவ ஒண்ணும் சொல்றதில்லையா?"

"முன்னெல்லாம் என்னைப் பிச்சி எடுத்துடுவாக்கா. தள்ளு தள்ளுன்னு. அவங்கம்மா கொரோனால போனாங்க இல்ல, அதுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிது. இந்த வைகாசில திதி குடுத்தாங்க பாரு, அதோட சுத்தமா நின்னுபோச்சு. பரவால்ல, திருந்திட்டான்னு நெனச்சேன்."

"வேற ஏதாச்சும் மாறியிருக்குதா?"

"நல்ல மாதிரிதான்க்கா மாறிக்கீறா. பொறுப்பு வந்துடுச்சு. போன வாரம் பாப்பாவோட ஸ்கூல் பேப்பரு, ரேஷன் கார்டு, பாஸ்புக்கு, எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு, நீங்களே வெச்சிக்கோங்க அண்ணின்னு குடுத்துட்டா."

இதை அவள் சந்தோஷமாகச் சொன்னாள். இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கவர் என்ன என்று தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும். அமைதியாகிவிட்ட ஒருவர் தன் பொறுப்புகளை ஒவ்வொன்றாக அடுத்தவர் கையில் ஒப்படைத்தால், அதைத் திருந்துவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனிமேல்தான் கஷ்டம். அன்று சனிக்கிழமை. மருத்துவர் வருவது வியாழக்கிழமை. சென்னையில் இருக்கும் எங்கள் மேலாளருக்கு இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. செல்வியின் கணவனுக்கு ஷிப்டு, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். களப்பணியாளர் சிகிச்சை ஆலோசனை எதுவும் சொல்லக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது, அதை எழுதியதும் நான்தான். எழுந்து போய்விட்டு, பட்டியலில் பெயரைச் சேர்த்து, வியாழக்கிழமை வரச் சொன்னால் விதிப்படி நான் செய்தது சரி. என் பேரில் ஒரு குற்றமும் வராது. அப்படியும் ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, யோசித்தேன்.

பிறகு கோமளாவிடம், "உன் எடத்துல நான் கொஞ்ச நேரம் ஒக்காரட்டுமா? ரொம்ப நாளாச்சு" என்றேன். இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இந்த ஆசை என்று சிரித்துக்கொண்டே அவள் துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். செல்வி வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். நான் பலகையில் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தேன். நாடாவைத் தொடவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "செல்வி, செத்துடலாம்னு தோணுதாம்மா?"

கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று உங்களுக்குப் பலபேர் சொல்வார்கள். வராது. இருக்கிற எண்ணத்தைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் கேட்டுவிட்டுப் பதில் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அன்று நான் காத்திருந்ததைப் போல என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "தோணுது" என்றாள். அழவில்லை. "எப்போன்னு கூட முடிவு பண்ணிட்டேன் மேடம். பாப்பா பொறந்தநாள் முடியட்டும்னு இருக்கேன்."

பொறந்தநாள் என்றைக்கு என்று கேட்டேன். திங்கட்கிழமை என்றாள்.

அதற்குப் பிறகு அவளே சொன்னாள். "எங்கம்மா திருப்புட்குழிலேருந்து வந்தாங்க, பாப்பாவப் பாக்கணும்னு. லேசா இருமல் இருந்துச்சு. அப்ப ஊரே பயந்துக்கினு இருந்துச்சில்ல. நான் வாசப்படியில நின்னுக்கினு, அங்கியே நில்லும்மா, உள்ள வராதன்னேன். சரிடின்னாங்க. கோவமே படல. கொண்டாந்த முருங்கக்காயக் கீழ வெச்சிட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி, அங்கியே போய்ச் சேந்துட்டாங்க. முகத்தக்கூட காட்டல. சுடுகாட்டுக்கு நான் போனா, என்னையும் அங்கியே நில்லுன்னுட்டாங்க. ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு பாத்தேன்."

"அந்த வார்த்த வாயில வர மாட்டேங்குது மேடம். அண்ணி இடிக்கிறாங்கன்னு தெரியுது. சொல்லணும்னு வாயத் தொறப்பேன், எங்கம்மா நிக்கிறாப்பல இருக்கும். அன்னிக்கு நீங்களும் அதத்தான் சொல்லச் சொன்னீங்க."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தூரத்தை அளப்பதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்த வார்த்தை, ஊரில் எத்தனை பேருடைய தொண்டையில் எப்படிச் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு தூரத்தைப் பற்றி ஆய்வு செய்ய வந்தவர்கள் நாங்கள். இப்போது உங்கள் கையேட்டில் 'போதும் என்று தோன்றினால் கையை உயர்த்தச் சொல்லவும்' என்று இருக்கிறதல்லவா? அது ஏன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பவித்ராவுக்குப் போன் செய்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து அரைமணி நேரத்தில் வந்துவிட்டாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. செல்வியின் அனுமதியோடு கோமளாவிடம் சொன்னோம். அவள் ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, "நான் தெனமும் இடிச்சேனே, தெனமும் இடிச்சேனே" என்று அழுதாள். அன்று மாலையே நான்கு பேரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் அவளை உடனே அனுமதித்தார். இரவு கணவன் கம்பெனி உடுப்போடு ஓடி வந்தான். திங்கட்கிழமை குழந்தையின் பிறந்தநாளை வார்டுக்கு வெளியே, ஒரு பாக்கெட் மிட்டாயோடு கொண்டாடினார்கள். நான் போகவில்லை, பவித்ரா போய்வந்து சொன்னாள்.

பவித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. தாளில் நான் எழுதிய 'தொழில் பழக்கம்' என்பதை அடித்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். வெளியூர்க்காரிக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது, அதுவே என் கண்ணை மறைத்துவிட்டது என்று சொன்னேன். "எனக்கும் பெரிசா ஒண்ணும் தெரியலீங்க மேடம், அவங்க உங்களப் பாக்கவே இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது" என்றாள். நீங்கள் உங்களைவிட மூத்தவர்களோடு வேலை செய்யும்போது அவர்கள் அதட்டினால் ஒரு தடவை வாயை மூடிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் மறுநாள் காலையில் மறுபடி கேளுங்கள். அதை அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது. கேட்க முடியாதபடி செய்தவள் நான்.

செல்வி மெதுவாகத்தான் தேறினாள். மருந்து, வாரா வாரம் மருத்துவர், நடுவில் இரண்டு மாதம் பழையபடி சரிந்து மறுபடி எழுந்தது, எல்லாம் உண்டு. தறிக்குத் திரும்பினாள். கோமளா ஒரு பழைய தலையணையை இரண்டு பேருக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

என் பணியின் கடைசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மருந்து வாங்க மையத்துக்கு வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் அவளிடம் அந்த 'தொழில் பழக்கம்' கதையை முழுதாகச் சொல்லி, உன்னைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், பன்னிரண்டு நாள் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். கண் கலங்கிவிட்டது.

அவள் என்னைத் தேற்றவில்லை. "நான் அன்னிக்கு மண்டபத்துக்கு எதுக்கு வந்தேன் தெரியுமாக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"வாசல்ல மனநல ஆய்வுன்னு பேனர் கட்டியிருந்தீங்க. மனசப் பத்தி கேப்பாங்க, சொல்லிடலாம்னுதான் வந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கினே வந்தேன். நீங்களும் கேட்டீங்க. வாழ்றதுல அர்த்தமில்லன்னு தோணுதான்னு அந்தப் பேப்பர்ல இருந்துச்சில்ல? கேட்டீங்க. அண்ணி பக்கத்து நாற்காலியில ஒக்காந்துக்கினு இருந்தாங்க. எப்படிக்கா சொல்லுவேன்?"

அவளுக்கும் எனக்கும் நடுவே இருந்த தூரத்தை மூன்று முறை அளந்தோம். கேள்வி கேட்கும்போது அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தைப் பற்றித்தான் ஆய்வே. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முப்பது வருடப் புத்தி எங்கே போகும், அந்த நேரத்திலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது.

"கோமளா எவ்ளோ தள்ளி ஒக்காந்திருந்தா நீ சொல்லியிருப்ப?" என்று கேட்டேன். "பத்தடி? அடுத்த ரூம்?"

செல்வி நிஜமாகவே யோசித்தாள்.

"அளவெல்லாம் எனக்குத் தெரியலக்கா. அண்ணிய ஒரு டீ வாங்கியாறச் சொல்லியிருந்தீங்கன்னா போதும்."